செல்வராணியின் மலையும் ஒரு தட்டு வேர்க்கடலையும்

செல்வராணி முதன்முதலாக எங்கள் மாடிக்கு ஏறி வந்த அன்று, பாண்டியனுடைய பட்டத்து யானை செத்துப்போயிருந்தது. கொன்றது சோழன். கொன்ற மகிழ்ச்சியில் அவர் போட்ட கூச்சல் கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கிறது.

கடை பச்சைமுத்துவுடையது. செஞ்சியில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பாதிப் பேர் அவனிடம்தான் பிளெக்ஸ் அடிப்பார்கள். செல்வராணி வல்லம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். திங்கள் முதல் வெள்ளி வரை என்ன சாப்பாடு என்கிற பட்டியலைப் பள்ளிச் சுவரில் மாட்ட வேண்டும். அதை அடித்து வாங்க வந்திருந்தார்.

"இன்னாங்க தம்பி, மேல யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. யானை செத்துட்சி."

"யானையா? மாடியிலயா?"

"ஏறிப் பாருக்கா. பிரிண்ட் காய அரை மணி நேரம் ஆவும்."

ஏறி வந்து பார்த்தார். மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு பழைய பிளெக்ஸைத் திருப்பி விரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்நாட்டை வரைந்திருந்தோம். ஆறும் காடும் மார்க்கர் பேனாவில், மலைகள் தெர்மாகோலில். அடிப்பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வாழ்த்துச் சொல்லிப் பதினாறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தின் மேல்தான் எங்கள் சேர சோழ பாண்டியர் படை நடத்தினார்கள்.

விளையாட்டு எளிமையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு மாதம். படத்தில் அவரவர் படையை நகர்த்துவோம். இரண்டு படைகள் ஓரிடத்தில் முட்டிக்கொண்டால், விரல் நீளப் பொம்மைகளை எதிரெதிரே நிறுத்திப் பகடை உருட்டுவோம். ஒரு பொம்மை நூறு வீரர்களுக்குச் சமம். பொம்மை செய்பவர் ராமகிருஷ்ணன். தொழில் பல் செட் கட்டுவது. பல் அச்சு எடுக்கும் மாவில்தான் எங்கள் வீரர்கள் பிறக்கிறார்கள். யானைத் தந்தத்துக்கு அசல் பல் செட் பொருளையே போடுவார். "எங்கிட்ட பல்லு கட்டுன கிழவிங்களுக்குக்கூட இவ்ளோ மேட்சா வந்ததில்ல" என்பார்.

செல்வராணி மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். செத்த யானையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இவங்கல்லாம் எப்ப சாப்புடுவாங்க?"

பதினோரு மாதங்களாக ஆடிக்கொண்டிருந்தோம். காஞ்சியிலிருந்து கிளம்பிய படை மதுரை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. ஒருவனும் ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. படிப்பாளிகள் என்று பெயர் எடுத்தவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை.

"அது இன்னா, காத்தையா குடிச்சிட்டு நடந்தானுங்க?" என்றார் செல்வராணி. "என் ஸ்கூல்ல தொண்ணூத்தி மூணு புள்ளைங்க. ஒரு மணிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டாச்சுன்னா கட்டடம் நிக்காது."

அடுத்த ஞாயிறு வரச் சொன்னோம். வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு படைக்கும் ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை. அதுதான் படையின் தானியம். மாதம் பிறந்தால் ஒரு பொம்மைக்கு ஒரு கடலை வீதம் எடுத்து நடுவில் இருக்கும் பொதுக் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். யானைக்கு ஐந்து. கடலை இல்லாத படை பசித்த படை. பசித்தவன் ஒவ்வொருவனுக்கும் பகடை உருட்ட வேண்டும். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் நிற்பான். ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் வீட்டுக்குப் போய்விடுவான். பத்துக் கடலைக்குப் பதிலாகக் காகிதம் சுற்றிய கடலை மிட்டாய் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்.

கடலைக்குப் பஞ்சமில்லை. எங்களில் சேரனும் நெடுமாறனும் அண்ணன் தம்பிகள். வல்லத்தில் கடலை போடுகிறவர்கள். சேரன் ஆண்டது பாண்டிய நாட்டை, சேர நாட்டை நெடுமாறன் ஆண்டான். சீட்டுக் குலுக்கியபோது அப்படித்தான் விழுந்தது. இன்றுவரை இருவருக்கும் அதில் வருத்தம்.

ஆனால் கடலை வைத்த முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. வறுத்த கடலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவன் கை சும்மா இருக்குமா? மாலைக்குள், கடை வேலைக்கு நடுவே ஆட வரும் பச்சைமுத்து தன் படையின் இரண்டு மாத உணவைத் தின்று தீர்த்திருந்தான்.

"விளையாட்டா தின்னுட்டேன்க்கா. நாளைக்கு ரெண்டு கிலோ வாங்கியாந்து கொட்டிடறேன்."

"தின்னது தின்னதுதான்" என்றார் செல்வராணி. "கணக்குல ஏத்த முடியாது."

அது எங்கள் சட்டமாயிற்று. வேறு எந்த ஊரில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்களுக்கும் இப்படி ஒரு சட்டம் இருக்குமா என்று தெரியவில்லை. மன்னன் தின்றால் படை பட்டினி. வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

'தின்னது தின்னதுதான்' என்ற அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகொரு நாள் அவரே சொன்னார். செஞ்சிக்குத் தெற்கே கிறிஸ்தவர்கள் நிறைந்த ஓர் ஊர் அவருடையது. பெயர் வேண்டாம், அவருடைய தம்பி இன்னும் அங்கே குடியிருக்கிறார். கோயில் ஒன்று, சாமி ஒன்று. உட்காரும் பக்கம் மட்டும் இரண்டு. அவர்கள் தெருவில் யாராவது செத்தால் ஊர்ப் பொது வண்டி வராது, தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று பிரசங்கம் செய்தவரேதான் அந்த வண்டி நிற்கும் கொட்டகையின் சாவியையும் வைத்திருந்தார்.

அப்பா அருள்சாமி, அம்மா ராயம்மாள், இருவரும் கூலிக்குக் கடலை பறித்தவர்கள். செல்வராணிக்கு ஒன்பது வயதிருக்கும். பறிக்கிற இடத்தில் பச்சைக் கடலை நாலைந்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். அருகே கூப்பிட்டு, தாடையை அழுத்தி வாயைத் திறக்கச் சொல்லி விரல் விட்டுப் பார்த்தார். பிறகு அறைந்தார். அதுவரை வரப்பில் கைகட்டி நின்றிருந்த அருள்சாமி அப்போது வாயைத் திறந்தார்.

"தின்னது தின்னதுதாங்க. வயித்த கிழிச்சா எடுக்கப் போறீங்க?"

அதற்குப் பிறகு அந்த நிலத்துக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற நிலங்களுக்கும்தான்.

"எங்க நைனா வாழ்க்கைல எதுத்துப் பேசுனது அந்த ஒரு தபாதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் செல்வராணி. "அத எனக்கு எழுதி வெச்சிட்டுப் போயிட்டாரு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழந்தையின் வாய்க்குள் விரல் விட்டுத் தேடிய அந்தக் கைக்கு இந்த நாட்டில் ஒரு வழக்கு இல்லை, ஒரு தண்டனை இல்லை. அந்த மனிதர் முதுமையில் நிம்மதியாகச் செத்திருப்பார், வண்டியிலும் போயிருப்பார்.

அந்தப் பெண் பன்னிரண்டாவது வரை படித்து, இன்று தொண்ணூற்று மூன்று குழந்தைகளுக்குச் சோறு போடுகிறார். வரிசையில் தட்டோடு நிற்கும் குழந்தையின் உதட்டையும் விரலையும் பார்த்தே அது காலையில் தின்றதா இல்லையா என்று சொல்லிவிடுவார். கை நடுங்குகிற குழந்தையை வரிசையில் நிறுத்த மாட்டார். முதலில் உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளோடு ராஜகிரிக் கோட்டைக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் பீரங்கியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல எத்தினி மூட்டை புடிக்கும்?" என்று காவலாளியைக் கேட்டிருக்கிறார். அந்தக் காவலாளியிடம், அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் இதைக் கேட்டதில்லையாம்.

கணவர் ஸ்டீபன் லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை செல்வராணி கிளம்பும்போது, "இன்னா, பொம்மைங்களுக்குச் சோறு ஊட்டப் போறியா?" என்று கேட்பாராம். "ஆமா. அதுங்க உப்பு பத்தலன்னு சொல்லாது" என்பாராம் இவர்.

ஏன் வருகிறீர்கள் என்று ராமகிருஷ்ணன் ஒருமுறை கேட்டார். செல்வராணி சொன்னார்: "வாரத்துல இந்த மூணு மணி நேரந்தான் நான் யாருக்கும் பரிமாறாம உக்காந்துக்கினு இருக்கறேன். நீங்க டீ கொண்டாந்து எங்கையில குடுக்கறீங்க."

எங்களில் ஒருவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனபோது அவருடைய நாடு செல்வராணிக்கு வந்தது. நாடு என்று சொல்வது பெரிய வார்த்தை. ஒரு மலை, பன்னிரண்டு பொம்மைகள். யானை இல்லை, குதிரை இல்லை, தேர் இல்லை. தினை விதைக்கிறவர்கள் கையில் வேல். ராமகிருஷ்ணன் அவற்றுக்கு மீந்துபோன மாவில்தான் உருவம் கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கு மூக்கே இல்லை. செல்வராணி அவர்களுக்குப் புதிதாக வண்ணம் அடித்துக்கொண்டு வந்தார்.

இப்போது சோழனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சோழன் தாண்டவராயன் சார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வயது அறுபத்தாறு. சேரனுக்கும் நெடுமாறனுக்கும் பாடம் எடுத்தவர். நடுகல்லைத் தேடி வெயிலில் மைல் கணக்கில் நடந்தவர். விளையாட்டின் சட்டப் புத்தகம் முழுவதும் அவர் கையெழுத்து. நல்லவர், இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லவர்கள் எழுதிய சட்டங்கள்தான் நம்மை அதிக காலம் கொன்றிருக்கின்றன. பசிக்கான விதி வந்தவுடன், அதன் கீழே பதினான்காவது விதி என்று ஒன்றை அவர் எழுதினார்.

'வீரக்குடியிற் பிறந்தார் பசியாற் படை நீங்கார்.'

அதாவது, சோழனின் முப்பது பொம்மைகளில் பதினெட்டு வீரக்குடி. பட்டினி கிடந்தாலும் அவற்றுக்குப் பகடை உருட்ட வேண்டியதில்லை. மற்ற பன்னிரண்டு ஏவல்படை: ஏணி தூக்குகிறவன், மண் வெட்டுகிறவன், சுமை சுமக்கிறவன். அவனுக்கு மட்டும் உருட்ட வேண்டும். செல்வராணியின் பன்னிரண்டு பேரும் ஏவல்படைக் கணக்கில்தான் வந்தார்கள்.

"ஏன் சார், இவங்களுக்கு வயிறு இல்லியா?" என்றார் செல்வராணி.

"வயிறு இருக்குதும்மா. மானமும் இருக்குது. அவங்க பொறப்பு அப்படி. நடுகல்லுல பாரு, எவன் பேரு இருக்குதுன்னு."

எனக்குப் பொறுக்கவில்லை. "கல்லு வெட்டறவனுக்குக் கூலி குடுத்தவன் பேருதான் சார் கல்லுல இருக்கும்" என்று கத்தினேன். பிறப்பால் ஒருவன் பசியை வெல்வான் என்று எழுதுகிறவர், பிறப்பால் ஒருவன் தீட்டு என்றும் எழுதலாமே, இரண்டும் ஒரே மையில் எழுதியவைதானே என்றும் கேட்டேன். கத்தியதால் ஓர் ஓட்டுக் குறைந்ததுதான் மிச்சம். விதியை எடுக்கலாமா என்று கை தூக்கச் சொன்னபோது நான், செல்வராணி, ராமகிருஷ்ணன், மூன்றே கைகள். பச்சைமுத்து என்னைப் பார்த்து, "நீ கத்தாம கேட்டிருந்தா தூக்கியிருப்பேன்" என்றான். அண்ணன் தம்பிகள் சார் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றுக்கு நான்கு.

செல்வராணி கத்தவில்லை. தன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோழப் படை அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் முற்றுகை.

"சரி சார். ஆடிப் பாப்பம். ஆறு மாசம் என் மலை நின்னுச்சுன்னா அந்தப் பதினாலாம் ரூல அடிச்சிடணும்."

"நிக்கலன்னா?"

"தட்ட கழுவிக் கவுத்துட்டுப் போயிடறேன். அப்புறம் வர மாட்டேன்."

படி இறங்கும்போது அவரிடம் சண்டை போட்டேன். தோற்றால் ஒரு மலை போகட்டும், நீங்கள் எதற்குப் போக வேண்டும்?

"வேற இன்னா இருக்குது எங்கிட்ட, பந்தயம் வெக்க?" என்றார். "சும்மா வாயால சொன்னா அவரு கேக்க மாட்டாரு."

முற்றுகை தொடங்கியது. ஆறு மாதம் என்றால் ஆறு ஞாயிறு.

செல்வராணி தன் தானியம் முழுவதையும் கடலை மிட்டாயாக மாற்றி வைத்துக்கொண்டார். ஏழு மிட்டாய், எழுபது கடலை. "ஸ்டோர் ரூம்ல தொறந்த மூட்டை வெக்கக் கூடாது. காயிதத்தப் பிரிச்சாத்தான் திங்க முடியும்னா கை தானா போவாது" என்றார்.

"பன்னெண்டு பேரு, ஆறு மாசம். எழுபத்தி ரெண்டு ஆவுதே, ரெண்டு கொறையுதே" என்றார் தாண்டவராயன் சார்.

"ரெண்டு பேரு எப்படியும் செத்துடுவாங்க சார்."

சோழனுக்கு மாதம் நாற்பது கடலை வேண்டும்: முப்பது பேருக்கு முப்பது, இரண்டு யானைக்குப் பத்து. ஆறு மாதத்துக்கு இருநூற்று நாற்பது எண்ணித் தட்டில் குவித்துக்கொண்டார். கணக்கில் பிழை இல்லை. அவர் திட்டமும் நல்ல திட்டம்தான்: மலையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வது, பசியில் அவர்கள் கரையும் வரை காத்திருப்பது, ஐந்தாம் மாதம் ஏறுவது.

காத்திருப்பதுதான் வினையாகிவிட்டது. சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கும் மன்னனுக்குச் செய்ய என்ன இருக்கிறது? சார் பேசுவார். கோட்டைகளைப் பற்றி, அகழிகளைப் பற்றி, யானையின் மதம் பற்றி. பேசப் பேச வலது கை தட்டுக்குப் போகும். ஓடு உடையும் சத்தம் கேட்கும். முதல் ஞாயிறு முடிந்து நான் மேசையைத் துடைத்தபோது சோழ நாட்டுப் பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி ஓடு. இரண்டாம் ஞாயிறும் அப்படியே.

செல்வராணி அதைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். தனியாக இருந்தபோது, "சொல்லலியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அவரு இன்னா என் ஸ்கூல் புள்ளையா?"

ஐந்தாம் ஞாயிறு சோழன் ஏறினார். ஏணி தூக்குகிறவர்கள் முன்னால் போனார்கள், முன்னால் போகிறவர்கள் முன்னால் செத்தார்கள், மூன்று பேர். மேலே மூக்கில்லாத இருவரும் விழுந்தார்கள். மலை நின்றது. செல்வராணியிடம் மீதி பத்துப் பேர். தட்டில் ஒரே ஒரு கடலை மிட்டாய். கடைசி மாதத்துக்குப் பத்துக் கடலை, பத்து வாய். தாண்டவராயன் சார் அப்போதுதான் தன் தட்டைக் குனிந்து பார்த்தார். ஐந்தாம் மாதக் கடலை கிண்ணத்துக்குப் போன பிறகு அங்கே எஞ்சியது உப்புத் தூளும் இரண்டு உடைந்த ஓடும்.

"டேய், எவன்டா எடுத்தது?" என்றார்.

பச்சைமுத்து மேசைக்கடியில் கிடந்த ஓடுகளைக் காலால் தள்ளிக் காட்டினான். "யானை தின்னுருக்கும் சார்."

ஆறாம் ஞாயிறு அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற பேருந்துகளில் படியில் நிற்கக்கூட இடமில்லை. மற்றப் பாதைகளில் ஓடும் வண்டிகளையும் பிடித்து அங்கே அனுப்பிவிட்டிருந்தார்கள். சாரின் ஊர் அந்தப் பாதையில்தான். பதினொரு மணிக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்குச் செஞ்சிக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர், ஒன்றரை மணி நேரம் சாலையோரம் நின்று, ஒரு டெம்போவில் தொங்கி, நேராக மாடிக்கு வந்து சேர்ந்தார். முற்றுகை அவரைச் சோறு மறக்க வைத்துவிட்டது. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. சோழன் தட்டு காலி. பசித்த யானைகள் முதலில் போயின. அது செல்வராணி முதல் வாரமே போட்ட சட்டம். ஒன்பது ஏவல்படைக்குச் சார் பகடை உருட்டினார். ஐந்து பேர் வீட்டுக்குப் போனார்கள், நான்கு பேர் நின்றார்கள். பதினெட்டு வீரக்குடி, பதினான்காவது விதிப்படி, கல் மாதிரி நின்றது. ஆக இருபத்திரண்டு பேர் கீழே. மேலே பத்துப் பேர். உயரத்தில் நிற்பவனுக்கு இரண்டு பகடை என்பதால் இருபது. இருபத்திரண்டுக்கு இருபது. யார் வேண்டுமானாலும் வெல்லலாம்.

செல்வராணி மிட்டாயைப் பொதுக் கிண்ணத்தில் போடக் கையில் எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அவர் சாரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் பகடைகளைக் குலுக்க முயன்றுகொண்டிருந்தார். அவை தாமாகவே குலுங்கின. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

"சார், சாப்டீங்களா?"

"ம்? ஆட்டத்த ஆடும்மா."

"சாப்டீங்களான்னு கேக்கறேன்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல் குழறியது. பகடைகள் கையிலிருந்து நழுவிச் சோழ நாடெங்கும் உருண்டன. செல்வராணி ஒரே எட்டில் மேசையைச் சுற்றி வந்து, தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார். மிட்டாய்க் காகிதத்தைப் பல்லால் கிழித்தார். வெல்லப் பக்கமாக ஒரு துண்டை ஒடித்து அவர் வாயில் வைத்தார்.

"மெல்லுங்க. முழுங்குங்க. ம், இன்னொண்ணு. டேய் பச்சைமுத்து, கீழ போயி டீயில நாலு ஸ்பூன் சக்கரை போட்டு எடுத்தா. ஓடு!"

அறுபத்தாறு வயது சோழன், வாயைத் திறந்து காட்டி, ஊட்டியதைத் தின்றார். எனக்கு வேறொரு திறந்த வாய் நினைவுக்கு வந்தது. அந்த வாயின் சொந்தக்காரிதான் இப்போது ஊட்டிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது. ஆட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "ஒண்ணும் வாணாம், நல்லாத்தான் இருக்கறேன்" என்றார் சார். செல்வராணி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, காலித் தட்டைப் பார்த்தார். பிறகு பத்துப் பொம்மைகளையும் வரிசையாக நிறுத்தி, பகடையை எடுத்தார்.

"இன்னாக்கா பண்ற?" என்றான் பச்சைமுத்து.

"கடலை இல்ல. உருட்டணுமில்ல?"

"அது ஆத்திர அவசரத்துக்குக் குடுத்ததுக்கா. நான் கீழ கடையில ஒண்ணு வாங்கியாறேன்."

"தின்னது தின்னதுதான்டா. உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா?"

உருட்டினார். ஒவ்வொருவனாக. ஐந்து பேர் போனார்கள். ஐந்து பேர் நின்றார்கள். கீழே இருபத்திரண்டு. இதற்கு மேல் ஆட ஒன்றுமில்லை. நெடுமாறன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

தாண்டவராயன் சார் தன் வீரக்குடியில் ஒரு பொம்மையை எடுத்து முன்னால் தள்ளி வைத்து, அதற்குப் பகடை உருட்டினார். இரண்டு விழுந்தது. பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"சார், அதுங்களுக்கு உருட்டத் தேவையில்ல. ரூல் இருக்குதே" என்றான் சேரன்.

"இந்தப் பதினெட்டுப் பேருல நானும் ஒருத்தன்னு வெச்சிக்கடா. நின்னனா? உக்காந்துட்டேன் இல்ல?" என்றார் அவர், பகடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினெட்டில் பதினொன்று போயிற்று. ஏழும் நான்கும் பதினொன்று. மேலே ஐந்து பேருக்குப் பத்துப் பகடை. நெடுமாறன் ஜன்னலிலிருந்து ஓடி வந்தான். மூன்று சுற்று. அந்த மாடியில் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. முடிந்தபோது மலை உச்சியில் யாரும் இல்லை. சரிவில் சோழனின் ஆள் இருவர் மட்டும் மிஞ்சியிருந்தார்கள்: ஒரு வீரக்குடி, ஓர் ஏணி தூக்கி.

செல்வராணி தோற்றுவிட்டார்.

எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவினார். துடைத்து, அலமாரியில் கவிழ்த்தார். "நல்லா ஆடுனோம் சார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார். சார் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அப்போது பச்சைமுத்து கேட்டான். நான் கத்தியதால் கை தூக்காதவன்.

"எக்கா, ஒரு நிமிஷம். பந்தயம் எந்த ரூல்ல போட்டீங்க?"

"இருந்த ரூல்லதான்."

"அந்த ரூல்படி ஆட்டம் முடிஞ்சிதா? சாரு நடுவுல அவுராவே மாத்திக்கினாரு. பதினெட்டுக்கும் உருட்டிட்டாரு. அப்ப இது வேற ஆட்டம். பழைய ஆட்டம் முடியவே இல்ல. முடியாத ஆட்டத்துல தோக்க முடியாது."

"அது எப்படிடா, மலை போயிட்ச்சே?"

"மலை போச்சு. பந்தயம் போவல. வேணும்னா ஓட்டுப் போடு."

ஓட்டுப் போட்டோம். நான் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தூக்கினேன். ஆறு கைகள். தூக்காத ஒரு கை செல்வராணியுடையது. அவர் அதில் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பையை ஆணியில் மாட்டினார். சார் பதினான்காவது விதியின் மேல் ஒரு கோடு போட்டார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக.

ஒரு மாதம் கழித்துப் புதிய படையெடுப்பைத் தொடங்கினோம். புதிதாகச் சீட்டுக் குலுக்கினோம். செல்வராணிக்கு மறுபடியும் அதே மலை. "இது இன்னா என் பேருல பட்டாவா இருக்குது?" என்று அலுத்துக்கொண்டார். மூக்கில்லாத இருவருக்கும் ராமகிருஷ்ணன் பல் செட் மாவில் மூக்கு வைத்துத் தந்திருந்தார்.

சட்டப் புத்தகத்தில் அந்தக் கோட்டுக்குப் பதிலாக வேறு பதினான்காவது விதியை இன்னும் யாரும் எழுதவில்லை. ஆனால் முதல் பக்கத்தில், எல்லா விதிகளுக்கும் மேலே, வேறொரு கையெழுத்தில் ஒரு வரி ஏறியிருக்கிறது: 'சாப்பிடாமல் யாரும் மேசைக்கு வரக் கூடாது.'

ஞாயிறு தோறும் செல்வராணி படி ஏறி வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறார். சார், சாப்டீங்களா? சேரா, சாப்டியா? கடைசியாகப் பச்சைமுத்து.

"சாப்ட்டேன்க்கா."

"வாயத் தொற, பாக்கலாம்."

"போக்கா" என்று சிரித்தபடி அவன் தட்டை எடுத்து வைக்கிறான். அதில் இப்போதெல்லாம் காகிதம் சுற்றிய கடலை மிட்டாய் மட்டும்தான்.